தேவ சித்தம் தெரியாமலே முப்பதைத் தாண்டியவர்கள் இங்கே யாராவது உண்டா?

தணிக்கைத்_தம்பி

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நெல்லைப் பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம், பாடகர் குழு என்று சபைக்குள்ளேயே வளர்ந்தவன். இப்போது சென்னையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறேன். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், டி.டி.எஸ்., செப்டம்பர் வந்தால் வீடு திரும்ப நடுராத்திரி. சம்பளம் பரவாயில்லை, முதலாளியும் நல்ல மனிதர். குறை என்று எதையும் சொல்ல முடியாது.

ஆனால் எதற்காக இருக்கிறேன் என்று தெரியவில்லை. சமீபத்தில் ஒரு கன்வென்ஷனில் பிரசங்கியார், தேவன் உனக்கென்று வைத்த நோக்கத்தைக் கண்டுபிடிக்காமல் செத்தால் நீ பிறந்ததே வீண் என்றார். சுற்றி இருந்தவர்கள் ஆமென் சொன்னார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. புத்தாண்டு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த வசனம் எரேமியா 29:11. அந்த அட்டையை மானிட்டருக்குக் கீழே ஒட்டி வைத்திருக்கிறேன். உபவாசம் இருந்து பார்த்தேன், ஊழியர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. என்னோடு வாலிபர் கூட்டத்தில் இருந்த ஒருவன் ஒடிசாவில் மிஷனரி. இன்னொருத்தி குழந்தைகள் வார்டில் டாக்டர். நான் யாரோ ஒரு டைல்ஸ் கடைக்காரரின் ஜி.எஸ்.டி. கணக்கில் இன்புட் கிரெடிட்டைச் சரிபார்ப்பதற்காகவா படைக்கப்பட்டேன்?

வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகலாமா என்றுகூட யோசிக்கிறேன். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

சீயோன்_குமாரன்

ஜெபியுங்கள் பிரதர். கர்த்தர் ஏற்ற வேளையில் வெளிப்படுத்துவார்.

தணிக்கைத்_தம்பி

நன்றி பிரதர். ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பழைய_குருவானவர்

தம்பி, பணி ஓய்வு பெற்ற குருவானவர் நான். உங்கள் மானிட்டருக்குக் கீழே இருக்கும் வசனத்திலிருந்தே தொடங்குகிறேன்.

"நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்கிற அந்த வார்த்தை ஒரு கடிதத்தின் நடுவில் வருகிறது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். ஊர் போனது, ஆலயம் கைக்கெட்டாத தூரம். எப்போது வீடு திரும்புவோம் என்ற ஒரே கேள்வியோடு இருந்த ஜனம். அவர்களுக்கு அவர் என்ன எழுதுகிறார்? அதே அதிகாரத்தின் 5-ஆம் வசனம் முதல் வாசியுங்கள். வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள். அப்புறம் 7-ஆம் வசனம்: உங்களைச் சிறையாகக் கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காக ஜெபம் பண்ணுங்கள். திரும்பி வருவது எப்போது? 70 வருஷம் கழித்து. கடிதத்தை வாசித்த பெரியவர்களில் பெரும்பாலோர் பாபிலோனிலேயே மண்ணுக்குப் போயிருப்பார்கள்.

ஆகவே அந்த 11-ஆம் வசனத்தில் உங்களுக்கென்று ஒரு ரகசிய உத்தியோகம் பூட்டி வைக்கப்பட்டிருப்பதாகவும், சாவியைத் தேடிக் கண்டுபிடிப்பது உங்கள் பொறுப்பு என்றும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நினைவுகள் அவருடையவை. "அறிவேன்" என்று சொல்பவரும் அவரே. ஜனத்துக்குக் கொடுத்த வேலை தோட்டம் போடுவதும் ஊரின் நலத்தைத் தேடுவதும். டைல்ஸ் கடைக்காரர் கட்ட வேண்டிய வரி சரியாகப் போய்ச் சேருவதும் பட்டணத்தின் சமாதானத்தில் சேர்ந்ததுதான். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, வேதம் இருக்கிறபடியே சொல்கிறேன்.

முந்தைய அதிகாரத்தையும் ஒருமுறை பாருங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி எல்லோர் முன்னிலையிலும், இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று கர்த்தரின் பெயரால் அறிவித்தான். ஜனம் கேட்க விரும்பிய செய்தி. கர்த்தர் அவனை அனுப்பவே இல்லை.

ரூத்தின்_தோழி

ஐயா எழுதியதை வாசித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. தம்பி, வேலையை விடும் எண்ணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒரு கூட்டத்தில் பிரசங்கியார் என் கணவரை விரல் நீட்டிக் கூப்பிட்டு, "உன்னைத் திரளான ஜனங்களுக்கு முன்பாக நிறுத்துவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்றார். அந்த வாரமே இவர் ராஜினாமாக் கடிதம் எழுதினார். அந்தச் சபையில் சம்பளம் என்று எதுவும் இல்லை, "விசுவாசத்தில் நில்லுங்கள்" என்பார்கள். என் ஆசிரியர் சம்பளத்தில்தான் வாடகை, பிள்ளைகளின் ஃபீஸ், அவருடைய பெட்ரோல் எல்லாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு எடுத்தால்கூட "ஊழியக்காரன் மனைவிக்கு விசுவாசம் போதவில்லை" என்று காதுபட பேசினார்கள். திரளான ஜனங்கள் வரவில்லை. இவர் மனம் உடைந்துபோனார். இப்போது மறுபடி ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துச் சபையில் சின்னப் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துகிறார். அந்த மனிதர் சிரிப்பதை நான் திரும்பப் பார்த்தது அங்கேதான்.

ஊழியத்துக்கு அழைப்பு கிடையாது என்று நான் சொல்லவில்லை. என் மாமாவே மிஷனரிதான். ஆனால் இன்னொருவர் வாயிலிருந்து வந்த ஒரு வரியை வைத்து, வீட்டில் இருப்பவர்களைக் கேட்காமல், கடன் கணக்குகூடப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். உங்களைத் தெரிந்த நாலு பேர், உங்கள் குறை நிறை அறிந்தவர்கள், அவர்களும் "ஆமாம், இவனுக்கு இது இருக்கிறது" என்று சொல்ல வேண்டும்.

மணப்பாட்டு_மகன்

நான் கத்தோலிக்கன், உங்கள் சபை வழக்குச் சொற்கள் எனக்குப் பழக்கமில்லை. நாங்கள் இறையழைத்தல் என்போம். எங்கள் பக்கத்திலும் இதே நோய் உண்டு. அழைத்தல் என்றாலே ஃபாதர் ஆவது, சிஸ்டர் ஆவது என்று ஆகிவிட்டது. மற்றவர்கள் எல்லாம் ஞாயிறு பூசைக்கு வந்து போகிறவர்கள்.

எங்கள் ஊரில் சவேரியார் தங்கி ஜெபித்த குகை இருக்கிறது. கோவாவில் 1542-ல் வந்து இறங்கி, அந்த வருடமே முத்துக்குளித்துறைக்கு வந்து, கரையோரக் கிராமங்களில் வெயிலில் நடந்தே திரிந்தவர். பிறகு மலாக்கா, ஜப்பான். மறைபரப்புக்குப் பாதுகாவலர் என்று அவரைச் சொல்வதில் யாருக்கும் ஆச்சரியம் இருக்காது. ஆனால் 1927-ல் திருச்சபை அவருக்குச் சமமாக இன்னொருவரையும் மறைபரப்பின் பாதுகாவலர் என்று அறிவித்தது. பிரான்சில் லிசியே என்ற ஊரின் கார்மேல் மடத்தில் இருந்த தெரேசா. 15 வயதில் மடத்துக்குள் போனவர், 1897-ல் 24 வயதில் காசநோயால் இறக்கும்வரை வெளியே வரவில்லை. செய்ததெல்லாம் துணி துவைத்தது, சிடுசிடுக்கும் வயதான சகோதரியைக் கைபிடித்துச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போனது, ஜெபித்தது, எழுதச் சொன்னபோது எழுதியது.

கடல் கடந்தவரையும் மதிலைத் தாண்டாதவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு லேசாகும். இன்னொன்று, சவேரியாரின் கடைசி ஆசை சீனாவுக்குள் போவது. அதன் கரைக்கு எதிரே ஒரு தீவில் படகுக்காகக் காத்திருந்தபடியே 1552-ல் இறந்துபோனார். அவர் நோக்கம் நிறைவேறவில்லை என்று உங்கள் கன்வென்ஷன் பிரசங்கியார் சொல்வாரா?

வார்டு_ஆறு

நான் வேலூரில் படித்த நர்ஸ். ஐடா ஸ்கடர் கதையை யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன், இன்னும் வரவில்லை.

மிஷனரிக் குடும்பத்தில் ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்தவர். மிஷனரி ஆகவே கூடாது என்று உறுதியாக இருந்தவர். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்தார். ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள், ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து. மூவரின் மனைவிக்கும் பிரசவச் சிக்கல். வீட்டில் அப்பா டாக்டர் இருக்கிறார், ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் சொல்லிவிட்டார்கள். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. அப்புறம்தான் அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900-ல் வேலூருக்குத் திரும்பினார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கினார். இன்றைய சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி அதிலிருந்து வந்தது.

கதவைத் தட்டியது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு அதைவிட நெருக்கமானவர் மேரி வர்கீஸ். கேரளத்துப் பெண், வேலூரில் படித்து டாக்டரானவர். 1954-ல் வண்டி கவிழ்ந்து முதுகுத் தண்டில் அடி. இரண்டு காலும் செயலிழந்துபோயிற்று. முகத்திலும் பெரிய காயம். இனி என்ன செய்வது என்று இருந்தவரிடம் டாக்டர் பால் பிராண்ட், கை அறுவை சிகிச்சை செய்யலாமே என்றார். தொழுநோயால் நரம்பு செயலிழந்து விரல்கள் மடங்கிப்போனவர்களுக்கு, நன்றாக இருக்கும் ஒரு தசைநாணை எடுத்து இடம் மாற்றித் தைத்து விரலை நிமிர்த்தும் வேலை அது. அதைச் செய்யும் டாக்டர்கள் வழக்கமாக உட்கார்ந்துதான் செய்வார்கள். நோயாளியின் கையைச் சிறு மேஜை மேல் நீட்டி வைத்துவிட்டு எதிரே ஸ்டூலில் உட்கார வேண்டும். அந்த ஸ்டூலின் இடத்தில் ஒரு சக்கர நாற்காலி, அவ்வளவுதான். மேரி வர்கீஸ் அதைச் செய்தார். பின்னர் வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து, வேலூரில் அந்தத் துறையையே கட்டி எழுப்பினார். பாகாயத்தில் இருக்கும் மறுவாழ்வு மையம் அவர் பெயரில்தான் இருக்கிறது. நான் அங்கே பயிற்சிக்குப் போயிருக்கிறேன். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர்கள் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாங்களாகவே மாறப் பழகும் இடம்.

விபத்துக்கு முந்தைய நாள் யாராவது அவரிடம் "உன் வாழ்க்கைக்கு தேவ சித்தம் என்ன" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

கேள்விக்குறி

நான் சபையை விட்டு விலகி வந்தவன். வாதம் பண்ண வரவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

ஒன்று. ஐடா கதையை நானும் சிறுவயதில் பல பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். ஒன்றிலாவது அந்த மூன்று பெண்களின் பெயரைக் கேட்டதில்லை. அவர்கள் செத்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு வாழ்வின் நோக்கம் கிடைப்பதற்காகவா? அப்படிப்பட்ட திட்டம் போடுகிற கடவுளை நான் எப்படி நல்லவர் என்று சொல்வது? சபையில் இதைக் கேட்டபோது எனக்குக் கிடைத்தது முறைப்பு மட்டும்தான்.

இரண்டு. என் நண்பர் ஒருவர் பெரியார் வழியில் இருப்பவர். வெள்ளம் வந்தால் முதல் படகில் போவார். ரத்ததானம், பிள்ளைகளுக்கு இலவசப் பாடம், எல்லாம் உண்டு. எதிரில் இருக்கும் தேவைக்கு ஓடுவதுதான் நோக்கம் என்றால் அவருக்கு நோக்கம் இருக்கிறது. பிறகு விசுவாசம் எதற்கு?

பழைய_குருவானவர்

உங்கள் முதல் கேள்வியை முறைத்தவர்கள் தவறு செய்தார்கள். அது வேதத்துக்குள்ளேயே இருக்கும் கேள்வி. சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததை லூக்கா 13-ல் இயேசு தாமே எடுத்துப் பேசுகிறார். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளோ என்று கேட்டு, இல்லை என்கிறார். யாருக்குப் பாடம் கற்பிக்க அவர்கள் செத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனந்திரும்பச் சொன்னார். அவ்வளவு தூரம்தான் நானும் போவேன். அந்த மூன்று பெண்களின் மரணத்தைத் தேவன் ஐடாவுக்காக ஏற்பாடு செய்தார் என்று மேடையில் சொல்பவர், தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்கிறார். நமக்குத் தெரிந்தது, அந்த மரணங்கள் நடந்திருக்கக் கூடாது என்று ஒரு பெண் எழுந்தாள் என்பது. இனி நடக்கக் கூடாது என்பதற்காக வாழ்நாள் முழுவதும் நின்றாள். அதில் தேவ சித்தத்தை நான் காண்கிறேன். அந்தப் பெண்கள் செத்ததில் காணவில்லை.

இரண்டாவதற்கு நான் பதில் சொல்வதைவிட, வீட்டில் அதை வாழ்ந்து பார்த்தவர் யாராவது சொன்னால் நல்லது.

மானிப்பாய்_மருமகள்

நான் சொல்லிப் பார்க்கிறன் ஐயா. இப்ப கனடாவில இருக்கிறம், ஊர் யாழ்ப்பாணம். (வேலூர்த் தங்கச்சிக்கு ஒரு சின்னத் தகவல்: ஐடாவின் பாட்டனார் டொக்டர் ஜோன் ஸ்கடர் முதலில் வந்தது எங்கட பக்கம்தான். 1819-ல் இலங்கைக்கு வந்து பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்தவர். மானிப்பாயில் டொக்டர் கிறீன் எங்கட பெடியளுக்குத் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் படிப்பித்தது அதற்குப் பிறகு.)

என் மாமனார் வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகும் விடியக் காலமை பிள்ளைகள் கணக்குப் படிக்க வருவார்கள். பக்கவாதம் வந்து வலது பக்கம் இழுத்துவிட்டது, பேச்சு முற்றாகப் போய்விட்டது. தண்ணீர் வேண்டுமென்றால்கூடச் சொல்லத் தெரியாது. அழுவார், கோபப்படுவார். ஊருக்கெல்லாம் உதவின மனிசனுக்குத் தன் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. கேள்விக்குறி அண்ணா, உங்கள் நண்பரைப் போன்ற மனிசர்தான் அவரும். ஓடி ஓடிச் செய்தவர். இனி ஓட ஏலாது.

ஒரு நாள் பின்னேரம் வீட்டு ஜெபத்துக்குச் சபை ஆட்கள் வந்து ஒரு பழைய கீர்த்தனையைத் தொடங்கினார்கள். இரண்டாவது அடியில் மாமாவும் பாடத் தொடங்கினார். ஒரு சொல்லும் வராத வாயிலிருந்து பாட்டின் சொற்கள் முழுதாக வந்தன. மாமி கையில இருந்த தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே கீழே வைத்துவிட்டா. பாட்டு முடிந்ததும் திரும்பப் பேச்சில்லை. பேச்சு ஒரு பக்கத்து மூளையிலும் பாட்டின் பெரும்பகுதி மறுபக்கத்திலும் இருப்பதால் இப்படி நடக்கும் என்று சிகிச்சையாளர் விளக்கினவ. அது எனக்கு விளங்குகிறது, அற்புதம் என்று சொல்ல வரவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. மாமா அதற்குப் பிறகு யாருக்கும் ஒரு உதவியும் செய்யவில்லை. கிடந்தார், பாடினார், செத்தார். அவருக்கு நோக்கம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது என்று நான் தயங்காமல் சொல்வேன். தேவனுக்கு அவர் தேவைப்பட்டது வேலைக்காக இல்லை. அவரை நேசித்த ஒருவர் இருந்தார், அவருக்கு இவர் பாடினார். பயன்படாமல் போன மனிசனையும் வேண்டும் என்று சொல்கிற ஒருவரை நான் வேறெங்கும் காணவில்லை. விசுவாசம் எதற்கு என்றால், எனக்கு அதற்குத்தான்.

பழைய_குருவானவர்

இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை அம்மா. 1647-ல் இங்கிலாந்தில் எழுதப்பட்ட ஒரு ஞானோபதேச வினாவிடையில் முதல் கேள்வியே மனிதனின் பிரதான நோக்கம் என்ன என்பதுதான். விடையில் இரண்டு பாகம். தேவனை மகிமைப்படுத்துவது ஒன்று, என்றென்றைக்கும் அவரில் களிகூருவது மற்றொன்று. முதல் பாகத்தைத்தான் நாங்கள் மேடையில் சத்தமாகச் சொல்கிறோம்.

கேள்விக்குறி

மானிப்பாய் சகோதரிக்கு நன்றி. எனக்கு உடன்பாடு வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் கேள்விக்குக் கிடைத்த நேர்மையான பதில் இது. என் அம்மாவும் படுக்கையில்தான் இருக்கிறார். இன்றைக்கு ராத்திரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடச் சொல்லிக் கேட்பேன்.

வார்டு_ஆறு

தம்பி, நர்ஸ் என்கிற முறையில் ஒன்று கேட்க வேண்டும். தூக்கம் எப்படி இருக்கிறது? சாப்பாடு? முன்பு பிடித்த விஷயங்கள் இப்போதும் பிடிக்கின்றனவா? வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு வருகிறதா? நோக்கம் தெரியவில்லை என்று வருபவர்களில் சிலருக்கு உண்மையில் இருப்பது மனச்சோர்வு. அதை ஜெபக்குறைவு என்று சொல்லி மூடக் கூடாது. எலியா சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று கேட்டபோது, தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுத் திரும்பப் படுத்தவனை மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். அழைப்பைப் பற்றிய பேச்சு அதற்கு வெகுநாள் கழித்து, ஓரேப் மலையில். மனம் பாரமாக இருந்தால் 14416-க்கு அழையுங்கள், அரசின் டெலி மானஸ் உதவி எண், தமிழிலேயே பேசலாம், இலவசம். டாக்டரைப் பார்ப்பதும் விசுவாசத்துக்கு விரோதமில்லை.

தணிக்கைத்_தம்பி

எல்லோருடையதையும் இரண்டு மூன்று முறை வாசித்தேன். அக்கா, தூக்கம் சரியில்லை என்பது உண்மை. மற்றபடி அந்த மாதிரி நினைப்பு இல்லை. இந்த வாரமே டாக்டரைப் பார்க்கிறேன்.

ராஜினாமா எண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டேன். கேள்வி தீர்ந்துவிடவில்லை, அது இன்னும் இருக்கிறது. ஆனால் நான் பிறந்ததே வீண் என்ற பயம் குறைந்திருக்கிறது. எரேமியா 29-ஐ முழுதாக வாசித்தேன். அட்டை அப்படியே இருக்கட்டும்.

வார்டு_ஆறு

நல்லது தம்பி. அப்புறம் ஒன்று, கட்டாயமில்லை. தாம்பரம் பக்கம் கைவிடப்பட்ட கடைசிக்கட்ட நோயாளிகளுக்குக் கன்னியாஸ்திரிகள் சிலர் ஒரு சின்ன இல்லம் நடத்துகிறார்கள். லீவு நாளில் நான் காயத்துக்குக் கட்டுப் போடப் போவேன். பதிவு, நன்கொடை கொடுப்பவர்களுக்கு வரிச்சலுகை தரும் 80ஜி எல்லாம் இருக்கிறது. ஆனால் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் இறந்துபோனார். வருமானவரி அலுவலகத்திலிருந்து ஏதோ வந்திருக்கிறது என்று மதர் தூங்காமல் இருக்கிறார்கள். கட்டுப் போட என்னால் முடியும், அந்தக் காகிதத்தை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பதென்றே எங்களுக்குத் தெரியவில்லை.

தணிக்கைத்_தம்பி

வருகிறேன் அக்கா, சனிக்கிழமை மதியத்துக்கு மேல். வந்திருக்கும் நோட்டீஸை இப்போதே போட்டோ எடுத்துத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், பதில் சொல்லக் கடைசித் தேதி அதிலேயே இருக்கும். 80ஜி ஆணையின் நகல், பாங்க் ஸ்டேட்மென்ட், நன்கொடை ரசீதுப் புத்தகங்கள் மூன்றையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வாங்கிய நன்கொடைகளை வரித்துறைக்குத் தெரிவிக்கும் 10பிடி படிவம் போட்டார்களா என்று மதருக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை, போர்ட்டலில் நானே பார்த்துக்கொள்கிறேன். அதற்கு மே 31 கடைசி, தாண்டினால் நாளுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். ரசீதில் நன்கொடையாளரின் பான் எண் இல்லாத இடங்களைப் பென்சிலால் குறித்து வைத்தால் எனக்குப் பாதி வேலை குறையும்.